யன்னலாக நிற்கும் வாசல்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டையும் செய்து பார்த்தவர் அதன் பொருளை அறிவர். ஆயினும் அம்முதுமொழியில் ஒரு சிறு குறை உண்டு என்பது எமது எண்ணம். கலியாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். வீடு கட்டும் வேலையோ முடிவதேயில்லை. பிள்ளை பிறந்தால் ஓர் அறை வேண்டும். அதே பிள்ளை பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினால் கதவடைத்துக்கொள்ள இன்னோர் அறை வேண்டும். பெற்றோர் முதுமையெய்திப் படியேற இயலாதவராகும்போது அவர்க்கென ஓர் அறை வேண்டும். பின்னர் பிள்ளைகள் மணமுடித்துப் பிரிந்து சென்றால், கடன்பட்டுக் கட்டிய அறைகளில் சிலந்தி குடியேறும். குடும்பம் விரிவதும் சுருங்குவதும் இயற்கை. அவ்வியற்கைக்கு இடங்கொடுத்து ஒரு சிறு வீட்டைத் திருத்துவது எவ்வாறு என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பொருள் பொதுவானதாயினும், சொல்லப்போவது எமது வீட்டுக் கதையே. அதில் எமது பிழையொன்றும் உண்டு. ஆசிரியத் தொழில் புரிவோர் தம் பிழையை ஒப்புக்கொள்வது அரிது என்று மாணவர் தம்முள் பேசிக்கொள்வர். அப்பழியை இன்று சிறிதேனும் துடைத்துக்கொள்ள முயல்வோம்.

தெல்தோட்டையில் ஒரு சிறு பங்களா

கண்டியிலிருந்து பேராதனை சென்று, கலஹா வழியாக மேலேறி வருவோர்க்குத் தெல்தோட்டை மலைகள் தேயிலைப் பச்சையுடன் காட்சி தரும். அவ்வூரில், தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தமக்கெனக் கட்டிய பழைய சிறு பங்களாவொன்றை நாம் விலைக்கு வாங்கினோம். நிலம் 18 பேர்ச். வீடு ஏறத்தாழ 700 சதுர அடி. முன்னே நீண்ட விறாந்தை, நடுவே ஒரு கூடம், இரு அறைகள், பின்னே ஒரு படி தாழ்ந்து புகை படிந்த குசினி. கூரை துருப்பிடித்த தகரம். வீட்டின் பின்புறம் மலைச்சரிவு எழுந்து நிற்கும். முன்புறம் நிலம் பாதையை நோக்கி இறங்கும். கிழக்கே மாத்திரம் இருபதடி அகலத்துக்குச் சமநிலமொன்று கிடந்தது. அங்கே ஓர் ஆனைக்கொய்யா மரம்.

எம் வீட்டில் ஐவர். எமது அன்னையார், இல்லாள், உயர்தர வகுப்பில் பயிலும் மகள், எட்டாம் வகுப்பு மகன், நாம். கையிலிருந்த பணம் கூரையை மாற்றவும், குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவரவும், குசினியைச் சீர்திருத்தவும் மட்டுமே போதும். அன்னையார்க்கு ஓர் அறை இன்றியமையாதது. ஆனால் அதனை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே கட்டலாம். ஆதலால் இப்பொழுது ஒரு பகுதி, பின்னர் ஒரு பகுதி என இரு கட்டமாகத் திட்டமிட்டோம். திட்டம் நன்றே. திட்டமிட்டவரின் அறிவுதான் போதவில்லை.

வருங்கால அறையை எங்கே வைப்பது என்ற வினா எழுந்தது. கிழக்குப்புறச் சமநிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அதனை நாம் மோட்டார் வண்டி நிறுத்துவதற்கென ஒதுக்கி வைத்தோம். எம்மிடம் வண்டி இல்லை; என்றேனும் வாங்கினால் நிறுத்துவதற்கு! எனவே அறையைப் பின்புறத்தில், மலையைச் சிறிது வெட்டி அமைக்கலாமென முடிவு செய்தோம். இயந்திரம் வாடகைக்கு வந்திருந்த வேளையில் வெட்டும் வேலையையும் அத்திவாரக் குழியையும் மட்டும் முன்கூட்டியே முடித்துவிடலாம் என்பது எமது சிக்கனம்.

வேலைக்கு வந்த பாஸ் அயற்கிராமத்துச் சிங்களவர். முப்பது ஆண்டுகளாக இம்மலைகளில் கல் வைத்துக் கட்டியவர். அவர் மலையை ஒரு முறையும் எம்மை ஒரு முறையும் பார்த்து, "சேர், இந்தப் பக்கம் வெட்ட வேணாம். மலை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறதைச் சீண்டக் கூடாது" என்றார். பட்டம் பெற்ற எமக்கு அவர் சொல் மூடநம்பிக்கையாகத் தோன்றிற்று. ஒரு சிறு அறைதானே என்று அதிகாரிகளிடம் ஆலோசனை கேட்கவும் இல்லை. 2025 ஓகஸ்டு மாதத்தில், வெயில் காய்ந்த நாட்களில், ஒன்பதடி உயரத்துக்கு மலை செங்குத்தாக வெட்டப்பட்டது. மண் சிவந்து உறுதியாக நின்றது. பாஸின் அச்சத்தை எண்ணி நாம் நகைத்ததும் உண்டு.

அந்த நவம்பர் இரவு

2025 நவம்பர் மாத இறுதியில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியதை வாசகர் எவரும் மறந்திருக்கமாட்டார். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி மாவட்டத்தின் மலைக்கிராமங்கள் மண்சரிவினால் பெருந்துயர் அடைந்தன. அன்றிரவு எம் வீட்டுக்குப் பின்னாலும் ஓர் ஓசை கேட்டது. இடியோசை அன்று, ஒரு பாரவண்டி கல்லைக் கொட்டுவது போன்றதோர் ஓசை. விளக்கை எடுத்துக்கொண்டு சென்று பார்த்தபோது, வெட்டி வைத்த மலைமுகம் சரிந்து, அத்திவாரக் குழியை நிரப்பி, குசினி யன்னலின் அடிவிளிம்பு வரை சேறாக நின்றது. குசினிச் சுவரில் ஒரு வெடிப்பு. அதற்கு மேல் அழிவில்லை. ஐவரும் அப்பொழுதே வெளியேறி, ஒரு வாரம் வரை உறவினர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் பகலில் அன்னையார் அச்சேற்றுமேட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "தம்பி, அந்த அறை கட்டி முடிஞ்சிருந்தா நான் நேற்று எங்க படுத்திருப்பேன்?" என்று கேட்டார். குறை கூறும் குரலில் அன்று. கணக்கொன்றின் விடையைச் சரிபார்ப்பவர் போலக் கேட்டார். எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. இல்லாத வண்டிக்குச் சமநிலத்தையும், பெற்றெடுத்த தாய்க்கு மலையின் அடிவாரத்தையும் ஒதுக்கியவர் நாம். அதனை எச்சொல்லால் விளக்குவது?

மலைநாட்டார்க்கு இது புதிய பாடமன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தமையை நாம் வகுப்பறையில் மாணவர்க்கு எடுத்துரைத்திருக்கிறோம். கற்பித்த பாடத்தைத் தம் கொல்லைப்புறத்தில் மறப்பது எம்போன்றோர்க்கு இயல்புபோலும்.

முதலில் நிலத்தைக் கேட்க வேண்டும்

ஆதலால், வீட்டைத் திருத்த எண்ணும் மலைநாட்டு அன்பர்க்கு நாம் முதலிற் கூறுவது இது. அறை எத்தனை அடி என்று அளக்குமுன், நிலம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மலைச்சரிவு தன் பாரத்தைத் தானே தாங்கி, பல்லாண்டுகளாக ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. அதன் அடியை வெட்டினால் தாங்கி நின்ற காலை எடுத்தது போலாகும். கோடையில் ஈரமின்றி இறுகியிருக்கும் மண் செங்குத்தாகவே நிற்கும்; அது வலிமையன்று, தோற்றமே. மழைநீர் உட்புகுந்ததும் மண்ணின் பாரம் கூடும். மண் துகள்களைப் பிணைத்த பிடிப்போ குறையும். பாரம் கூடிப் பிடி தளர்ந்தால் சரிவதன்றி வேறு வழியில்லை.

நிலம் முன்னறிவித்தே சரிகிறது. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், நேற்றுவரை இலகுவாக மூடிய கதவு இன்று இறுகுதல், இல்லாத இடத்தில் ஊற்றுப் பெருகுதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல், தெளிந்த நீர் கலங்கி வருதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டால் ஆராய்ச்சி செய்துகொண்டிராமல் வெளியேறுவதே அறிவு.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டவோ விரிக்கவோ எண்ணுவோர், பிரதேச சபையின் அனுமதியுடன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையையும் பெற வேண்டும். அந்நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களையும் வைத்திருக்கிறது. அதனை ஒரு கடதாசி வேலையென்று எண்ணிய எம்போன்றோர் பின்னர் வருந்துவர். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது மலைநாட்டில் பின்பற்றப்படும் பொதுக்கணக்கு. நேரான பக்கங்களையுடைய ஒரு தகரப்பேணியும் ஓர் அடிமட்டமும் இருந்தால் அளவைப் பிள்ளைகளே எடுத்துவிடலாம். எம் மகன் இப்பொழுது அப்பணியை மேற்கொண்டுள்ளான். வானொலிக்கு முன்னரே எமக்குச் செய்தி தருகிறான்.

நிலத்தையடுத்து நீர். 700 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால், ஏறத்தாழ 1,650 லீற்றர் நீர் இறங்கும். 150 மில்லிமீற்றர் மழையென்றால் கிட்டத்தட்ட 10,000 லீற்றர். பீலி இல்லையேல் இத்தனை நீரும் அத்திவாரத்தின் அடியிலும் சரிவின் மேலுமே விழும். ஆகவே எம் புதிய திட்டத்தில் முதற்செலவு அறைக்கன்று. பீலிக்கும், சீமெந்து பூசிய கானுக்குமே. மலைமேலிருந்து வரும் நீரைச் சரிவின் தலைப்பிலேயே ஒரு கான் வாங்கி, பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பாதைக்கானிற் சேர்க்கிறது. வெட்டிய மண்முகத்துக்கு, வல்லுநர் பார்த்துச் சொன்னபடி, படிமுறையாகக் கல்மதில் எழுப்பினோம். மதிலுக்குப் பின்னே நீர் தங்கினால் மதிலே தள்ளுண்டு விழும். ஆதலால் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடப்பட்டன. வெட்டாதிருந்தால் இச்செலவு முழுவதும் மிச்சம். சிக்கனம் என்று எண்ணிச் செய்ததன் விலை அது.

வீட்டாரைக் கேட்டல்

நிலத்தைக் கேட்டபின், வீட்டில் வாழ்வோரைக் கேட்க வேண்டும். இதனை எமக்குக் கற்பித்தவர் கண்டி மண்ணின் மகளான கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா அம்மையார். 1918இல் பிறந்த இவர், 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் அரச நிறுவனத்தின் இணை உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண். கண்டியில் இவர் அமைத்து 1951இல் நிறைவெய்திய கருணாரத்ன இல்லம் மலைச்சரிவிலேயே நிற்கிறது. அவர் சரிவோடு இணங்கி வீட்டின் தளங்களைப் பல மட்டங்களில் அமைத்தார். நாமோ எம் வீட்டுக்காக மலையை மட்டமாக்க முயன்றோம். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வாசகரே காண்க.

1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவவில் அரசாங்க ஊழியர்க்கென அவர் வீட்டுத்திட்டமொன்றை அமைத்தார். அப்பொழுது குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்தம் வாழ்க்கை முறை, தேவை, விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்தார். அவ்விடைகளைக் கொண்டே பல்வகை வீட்டு மாதிரிகளை வரைந்தார். ஒரே அச்சில் வார்த்த வீடுகளை மக்கள் தலையில் சுமத்துவதே வழக்கமாயிருந்த காலத்தில் இது புதுமை.

நாமும் அம்முறையைப் பின்பற்றினோம். வீட்டார் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தருமாறு பணித்தோம். அன்னையார் மகளைக் கொண்டு எழுதுவித்தார்: இரவில் குளியலறைக்குச் செல்ல மழையில் நனையலாகாது, படி இருத்தலாகாது, படுக்கையிலிருந்து பாதையிற் செல்வோரைக் காண வேண்டும். மகள் எழுதியது: யன்னல் வெளிச்சம் விழும் ஒரு மேசை, உள்ளே தாழிடக்கூடிய ஒரு கதவு. இல்லாள் எழுதியது: குசினியில் புகை கூடாது, சமைக்கும்போது கூடத்தில் நடக்கும் பேச்சு காதில் விழ வேண்டும். மகன் எழுதியது: ஆனைக்கொய்யா மரத்தை வெட்ட வேண்டாம். மோட்டார் வண்டிக்கு இடம் கேட்டவர் எவருமில்லை. எமது தாளில் மட்டுமே அது இருந்தது. அதனை நாமே அடித்துவிட்டோம்.

பெயரிடாத ஓரிடம்

கிழக்கே அறை என்பது உறுதியாயிற்று. ஆனால் அது நாளைக்கு. இன்று அன்னையார் எங்கே படுப்பது? இதற்கு விடை எம் ஊருக்கு அருகிலேயே கிடைத்தது.

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துர தோட்டத்தை அறியாதார் இலர். ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல் இங்கு வந்த ஜேம்ஸ் ரெயிலர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது அங்கேயே. சில ஆண்டுகளில் கோப்பிப் பயிரை நோய் அழித்தபோது, இந்நாட்டின் பொருளாதாரம் சாய்ந்துவிடாமல் தாங்கியது அப்பயிர். ஆனால் அவருக்குத் தொடக்கத்தில் தொழிற்சாலை ஏது? அவருடைய பங்களாவே தொழிற்சாலை. விறாந்தையில் மேசைகளை இட்டு, தொழிலாளர் கைகளாலேயே கொழுந்தை உருட்டினர். களிமண் அடுப்பில் கரிநெருப்பிட்டு, கம்பித்தட்டுகளில் அதனை உலர்த்தினர். தொழில் வேரூன்றிய பின்னர், 1872 அளவில், கொழுந்து உருட்டும் இயந்திரத்துடன் தனித் தேயிலைச்சாலை எழுந்தது.

இவ்வரலாற்றை நாம் பலகாலம் பொருளாதாரப் பாடமாகவே படித்தோம். அது வீட்டுப் பாடமும் ஆகும். புதிய தேவை தோன்றியதும் அவர் புதிய கட்டடம் எழுப்பவில்லை. ஏற்கனவே உள்ள ஓரிடத்தில் அத்தேவையை வைத்துப் பார்த்தார். அது நிலைத்தபின்னரே செலவு செய்தார். அதற்கு உதவியது விறாந்தை. படுக்கையறை, சாமியறை, குசினி என்று பெயர் சூட்டப்பட்ட அறைகள் தத்தம் வேலையை விட்டு அசையா. விறாந்தையோ எதற்கும் இசையும். சிறு வீட்டைத் திருத்துவோர், ஒவ்வோர் அடியையும் ஏதேனுமொரு வேலைக்கு ஒதுக்கிவிடாமல், பெயரிடாத ஓரிடத்தை விட்டு வைப்பாராக.

எம் விறாந்தையின் கிழக்கு முனையைப் பத்தடி நீளத்துக்கு மரச்சட்டமும் கண்ணாடியும் இட்டு அடைத்தோம். அன்னையார் இப்பொழுது அங்கே இருக்கிறார். குளியலறை அதற்கு எதிரே, ஒரே மட்டத்தில், ஆறடி தூரத்தில். பாதையிற் செல்லும் கொழுந்து லொறியை முதலில் காண்பவர் அவரே.

பிற்கால விரிவுக்கு முற்கால வேலைகள்

இனி, இல்லத்தாரும் மாணவரும் குறித்துக்கொள்ளத்தக்க சில நுட்பங்களைக் கூறுவோம். இவற்றுட் பெரும்பாலானவை பாஸ் எமக்குச் சொல்லித் தந்தவை. இம்முறை நாம் நகைக்கவில்லை.

முதலாவது கூரை. கூரைச்சரிவு இறங்கும் பக்கத்தில் அறையை நீட்டினால், கூரையும் அதே சரிவில் கீழிறங்கும். 25 பாகைச் சரிவுள்ள கூரை, பத்தடிக்கு ஏறத்தாழ 4 அடி 8 அங்குலம் தாழும். இறவாரம் ஒன்பதடி உயரத்தில் இருந்தால், பத்தடி நீட்டிய அறையின் வெளிச்சுவர் 4 அடி 4 அங்குலமாகிவிடும்! அங்கே ஆடுதான் நிற்கலாம். முக்கோணச் சுவருள்ள பக்கத்தில் நீட்டினாலோ முகட்டு வளை நீளுமேயன்றி உயரம் குறையாது. எம் கிழக்குச் சுவர் முக்கோணச் சுவராய் அமைந்தது நற்பேறு. கூரையைப் புதுப்பிக்கும்போதே, அப்பக்கத்து வளைகளைப் பின்னர் இணைக்கத்தக்கவாறு வைத்தோம்.

இரண்டாவது வாசல். நாளைய அறைக்குச் செல்லும் வழியை இன்றே சுவரில் அமைக்க வேண்டும். கதவின் அகலமும் கதவின் தலைமட்டமும் உள்ள யன்னல் ஒன்றைக் கிழக்குச் சுவரில் வைத்தோம். மேலே கொங்கிறீற்று லிண்டல், கதவுக்கு வேண்டிய வலிமையுடன். அறை கட்டும் நாளில் யன்னலைக் கழற்றி, அதன் கீழுள்ள சுவரை மட்டும் இடித்தால் வாசல் தோன்றிவிடும், வீடு அதிராது. அகலத்தை 3 அடியாக வைத்தோம். சக்கரநாற்காலி ஒன்று தடையின்றிச் செல்ல அவ்வளவு வேண்டும். அன்னையார்க்காக மட்டுமன்று, நாமும் ஒருநாள் முதியோராவோம்.

மூன்றாவது அத்திவாரம். பழைய சுவர் தன் பாரத்தால் மண்ணில் அமிழ்ந்து, அமர்ந்துவிட்டது. புதிய சுவர் இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுகப் பிணைத்தால், புதியது இறங்கும்போது இணைப்பில் வெடிக்கும். ஆதலால் புதிய அறைக்குத் தனி அத்திவாரமும், பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளியும் விட்டு, நீர் புகாதவாறு மூடுவது நன்று. எதிர்கால மாடிக்கென்று கொங்கிறீற்றுத் தூண்களின் கம்பிகளை வானை நோக்கி நீட்டி விடுவதை எங்கும் காண்கிறோம். மூடப்படாத அக்கம்பிகள் மலைமழையில் துருவேறி, மாடி எழும்பும் காலத்தில் பயனற்றுப் போகும். நீட்டினால் மெலிந்த சாந்தினால் மூடி வையுங்கள்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாதவை. மலகூடக் குழியை வருங்கால அறையின் இடத்தில் வெட்டிவிட்டுப் பின்னர் கலங்குவோர் பலர். விரிவு வரும் பக்கத்தை விட்டு, வீட்டுக்குக் கீழ்ப்புறமாக, கிணற்றுக்கும் ஊற்றுக்கும் 50 அடிக்குக் குறையாத தொலைவில், அவற்றுக்குத் தாழ்வான இடத்தில் அது அமைய வேண்டும். மின்கம்பி செல்ல வெறுங்குழாய் ஒன்றையும், அடைத்து வைத்த நீர்க்குழாய் முனையொன்றையும் கிழக்குச் சுவரில் விட்டோம். இவற்றுக்கான செலவு சிறிது. பூசிய சுவரைப் பின்னர் உடைப்பதோ செலவும் மனவருத்தமும்.

ஐந்தாவது வெளிச்சம். அறையோடு அறையை ஒட்டிக்கொண்டே போனால், நடுவே உள்ள பழைய அறை யன்னலின்றிக் குகையாகும். இதனைத் தவிர்ப்பதற்கு நல்ல உதாரணம் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் கொழும்பு இல்லம். சட்டம் பயின்று பின்னர் கட்டடக் கலைக்கு வந்த அவர், 1958இல் பகத்தலை வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதைப் பெற்றுத் தமக்கேற்பத் திருத்தினார். பின்னர் நான்காவது கிடைத்தது; அதனையும் சேர்த்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் எஞ்சிய இரண்டும் வந்தன. முழுமையான திட்டமொன்று முதலிலேயே அவர் கையில் இருந்ததில்லை. எனினும் இடையிடையே சிறு முற்றங்களையும் வானொளி இறங்கும் வெளிகளையும் வைத்தமையால், நான்கு வீடு ஒன்றாகியும் அது இருளவில்லை. நாம் கிழக்கறைக்கும் மகளின் அறைக்கும் நடுவே ஐந்தடி அகலமுள்ள ஒரு சிறு முற்றம் விட எண்ணியுள்ளோம். ஆனைக்கொய்யா மரமும் தப்பியது.

அரைவீடும் முழுவுரிமையும்

சிறிதாகத் தொடங்கிப் பின்னர் பெருக்கும் இம்முறை ஏழைகளுக்கான வீட்டுத்திட்டங்களிலும் உலகெங்கும் இடம்பெற்றுள்ளது. 1980களில் இந்தியாவின் இந்தூர் நகரில் பாலகிருஷ்ண தோஷி அமைத்த அரண்யத் திட்டத்தில், வறிய குடும்பங்களுக்கு நிலமும் அடித்தளமும் குளியலறை கழிப்பறையும் முதலில் வழங்கப்பட்டன. எஞ்சியதை அவர்கள் தம் வசதிக்கேற்பக் கட்டினர். 2004 அளவில் சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் அலெகாந்திரோ அரவேனாவும் அவர் குழுவினரும், ஏறத்தாழ 100 குடும்பங்களுக்கு வீட்டின் பாதியை மட்டும் கட்டிக் கொடுத்தனர். முழுதும் கட்டப் பணம் போதாதபோது, மட்டமான முழுவீட்டைவிட உறுதியான அரைவீடே மேல் என்பது அவர்தம் கொள்கை. ஏழை தானே கட்ட இயலாத கடினமான பாதியாகிய கட்டுமானம், குசினி, குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றை அவர்கள் கட்டினர். எளிய பாதியைக் குடும்பத்தார் முடித்தனர். எம் நாட்டிலும் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டம், சிறு கடன் கொடுத்து மக்களையே தம் வீட்டைக் கட்டச் செய்தது.

இவற்றைப் படிக்கும்போது எம் ஜன்னலுக்கு எதிரேயுள்ள லயன்களின் மீது எமது கண் செல்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்த மக்கள் அவர்கள். பிள்ளை பெருகினாலும் சுவர் நகரவில்லை. ஏனெனில் சுவரும் அவர்களுடையதன்று, நிலமும் அவர்களுடையதன்று. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டது. அண்மைக்கால இந்திய உதவித் திட்டங்களில் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழுந்துள்ளன. அவ்வீடு சிறிதே. ஆனால் தன் பெயரில் உறுதி உள்ள 7 பேர்ச்சில், நாளை ஓர் அறை கூட்டலாம் என்று ஒரு தாய் எண்ணிப் பார்க்க இயலும். அவ்வெண்ணத்துக்கு இடமில்லாதவர்க்கு வீடு என்பது தங்குமிடமே. எதிர்காலத்தில் விரிக்கும் உரிமையும் வீட்டின் ஒரு பகுதியே என்பதை, 18 பேர்ச்சில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் வண்டிக்கு இடம் தேடிய எமக்கு அந்த லயன்கள் உணர்த்தின.

முடிவாக

வேலை முடிந்த அன்று பாஸ் தம் கருவிகளைக் கழுவி வைத்தார். கிழக்கு யன்னலைத் தட்டிப் பார்த்து, "சேர், இது இப்ப யன்னல். உங்களுக்குக் காசு வந்ததும் கதவு" என்றார். அவர்க்குத் தேநீர் கொடுத்து, மலையை வெட்டிய நாளில் அவர் சொல்லைக் கேளாமைக்கு வருந்துவதாகக் கூறினோம். அவர் சிரித்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. எமது மகள் மட்டும், "அப்பா மன்னிப்புக் கேட்டதை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

பின்புறத்துக் கல்மதிலில் இப்பொழுது பாசி படரத் தொடங்கியுள்ளது. மழை வலுக்கும் இரவுகளில் நாம் இன்னும் ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டே படுக்கிறோம். கிழக்கறைக்கான பணம் இன்னும் சேரவில்லை. அன்னையாரோ அவசரப்படவில்லை. மாலை வேளையில் அந்த யன்னலருகே அமர்ந்து, சமநிலத்தை நோக்கியவாறு, கட்டிலைச் சுவரோரம் போட வேண்டும், விளக்கை இந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று தமக்குள் திட்டமிடுகிறார். இல்லாத அறையில் அவர் ஏற்கனவே பாதி குடியேறிவிட்டார்.

வீட்டைத் திருத்தும் அன்பர்களே, உங்கள் கையிலுள்ள பணம் எவ்வளவாயினும் ஆகுக. நிலத்தைக் கேளுங்கள், வீட்டாரைக் கேளுங்கள், பாஸையும் கேளுங்கள். பின்னர், நாளைய அறைக்கென இன்றே ஒரு யன்னலை வையுங்கள்.